தெக்லா கடையில் தோல் தீர்ந்துவிட்டது

எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்புறம் இருக்கிற தெக்லா கடையில் லெச்சோன், அதாவது முழுசாகச் சுட்ட பன்றி, வாங்கப் போகிறவர் முதலில் தன் தாயார் பெயரைச் சொல்ல வேண்டும். அடுத்து அந்தத் தாயார் எந்த வீட்டுப் பெண் என்று சொல்ல வேண்டும். அரைக் கிலோவா, ஒரு கிலோவா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்கள் யார் வயிற்றுப் பிள்ளை என்று தெரியாமல் உங்களுக்கு விலா போடுவதா, கழுத்து போடுவதா என்று தெக்லா எப்படி முடிவு செய்வாள், பாவம்?

செபுத் தீவின் தென்கரையில் பன்றி சுடுகிற கடைக்குப் பஞ்சமில்லை. மற்ற கடைகளில் வாங்க என்பார்கள், உட்காருங்க என்பார்கள். கையில் மாட்டிக்கொள்ள பிளாஸ்டிக் உறை தருவார்கள். மிளகாய் கிள்ளிப் போட்ட காடி கேட்காமலே வரும். மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார்கள். அவர்கள் சுட்ட பன்றியை வாயில் வைத்தால் மழையில் நனைந்த செருப்பு நினைவுக்கு வரும். தெக்லா கடையில் வாங்க என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. அங்கே விசிறி பன்றியைப் பார்த்துச் சுற்றும், ஈ ஓட்ட. மனிதர்களுக்குத்தான் கை இருக்கிறதே, விசிறிக்கொள்ளட்டும் என்பது அவள் எண்ணம். ஆனால் அந்தப் பன்றி இருக்கிறதே, வயிற்றுக்குள் எலுமிச்சைப்புல்லும் வெங்காயத்தாளும் பூண்டும் உப்பும் அடைத்து, மூங்கிலில் கோத்து, கரித்தணலில் அவள் பார்வையில் திரும்பித் திரும்பிச் சிவந்த பன்றி, அதன் தோலை விரலால் தட்டினால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டியது போல் சத்தம் வரும். அதற்காகத்தான் ஊர் முழுக்க வரிசையில் நின்று அவமானப்பட்டது. அவமானம் இலவசம்.

தெக்லாவின் அம்மாவும் என் அம்மாவும் அக்காள் தங்கை பெற்ற பெண்கள். எனவே அவள் எனக்குத் தங்கை முறை. எனவே எனக்கு எப்போதும் விலா. எனவே நான் சொல்வதை ஒரு பக்கமும் சாயாத சாட்சி என்று நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அவள் அப்பா கெனாரோ, திருவிழா வீடுகளுக்குப் போய்ப் பன்றி சுட்டுக் கொடுத்தவர். வாய் பேசாத மனிதர். பேச வேண்டியதையெல்லாம் மகளுக்காகச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார் போலிருக்கிறது. தெக்லா கட்டிக்கொண்டது சிம்போவை. தங்கமான பிள்ளை. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கு 'சரி' என்றான். அதற்குப் பின் அந்த ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்திவிட்டான். பிறந்தது ஒரே மகன், ஜோவென்.

பெற்றது ஒன்று, ஏற்றதற்குக் கணக்கில்லை. எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்கிறவள் பிள்ளைக்குப் பாதித் தாய். பிள்ளையைப் பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் 'மாரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அது கூடப்பிறந்தவளைவிடக் கெட்டியான உறவு. கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், மாரேயோடு முடியாது. பன்றி வெட்டுகிறவளை ஞானத்தாய் ஆக்கிவிட்டால் பிள்ளைக்கு ஆயுசுக்கும் தோல் கிடைக்கும் என்று ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பக்தி வந்தது. கோயில் ஞானஸ்நானத் தொட்டிக்கு அடுத்தபடி அதிகக் குழந்தைகளைத் தாங்கியது தெக்லாவின் கைதான்.

ஆகவே கடையில் சட்டம் இப்படி ஆயிற்று. ஞானப்பிள்ளைகளுக்குத் தோல். மாரேகளுக்கு விலா. ரத்த உறவுக்கு வயிற்றுப்பகுதி, அதில் என்னைப் போல வேண்டியவர்களுக்கு விலா. வெளியூர்க்காரர்களுக்குத் தொடை. பிடிக்காதவர்களுக்குக் கழுத்தெலும்பு. தோல் வேண்டும் என்று தகுதியில்லாதவர்கள் கேட்டால், முழுப்பன்றி முன்னால் படுத்துப் பளபளக்கும்போதே, தெக்லா கத்தியை நிறுத்தாமல் சொல்வாள்: "தோலு தீந்துபோச்சு."

ஒருமுறை மணிலாவிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். வரிசையில் நின்று நின்று வேர்த்துப்போய், கடைசியில் கையில் கழுத்தெலும்பு வந்ததும், மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றார். தெக்லா மறுப்பே சொல்லவில்லை. மேலங்கியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள், கையைத் துடைத்தாள், திரும்ப எதிரே வந்து நின்றாள்.

"நான்தான் மேனேஜர். சொல்லுங்க."

அவர் சொன்னார். நிறையச் சொன்னார். தெக்லா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். எல்லாம் முடிந்ததும் மேலங்கியை மறுபடி கட்டிக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

"மேனேஜர்கிட்ட சொல்லியாச்சுல்ல. கழுத்து வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்றார். அப்படிப்பட்ட பன்றி.

இத்தனை பேர் நடுவில் வாராவாரம் தவறாமல் கழுத்தெலும்பு வாங்கியவள் தக்யா. கடலோரத்தில் வீடு. கணவன் மீன்படகோடு போய்த் திரும்பாதவன். ஒரே மகள் ஜெனலின். அந்த ஜெனலினுக்கு ஞானஸ்நானம் செய்த நாளிலிருந்துதான் வினை.

தக்யா கர்ப்பமாக இருந்தபோது ஞானத்தாயாகத் தன்னைத்தான் கேட்பாள் என்று தெக்லா நினைத்தாள். நினைத்தது என்ன, புது உடுப்பே தைத்துவிட்டாள். தக்யாவோ செபு நகரத்தில் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒரு சீமாட்டியைக் கேட்டாள். லெச்சோனை மட்டும் தெக்லா கடையில் சொன்னாள். நல்ல நாளில் உடுத்தி நிற்க ஒருத்தி, உப்புத் தடவ ஒருத்தி.

அன்று சிம்போவும் இன்னொருவனும் மூங்கிலில் பன்றியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவோடு போனார்கள். தெக்லா கூடவே நடந்தாள். தெரு முழுக்க ஞானப்பிள்ளைகள். ஒவ்வொன்றும் ஓடி வந்து அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டது. ஞானப்பிள்ளை கை தொட்டுக் கும்பிட்டால் ஞானத்தாய் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அது எங்கள் வழக்கம். தெக்லா ஒவ்வொருத்தருக்கும் ஒரு விள்ளல் தோல் ஒடித்துக் கொடுத்தாள். கடலோரம் போய்ச் சேர்ந்தபோது பன்றி, குளித்துவிட்டு உடுப்பைத் தேடுகிற ஆள் மாதிரி நின்றது. தக்யா வீட்டு முற்றத்தில் சீமாட்டி, அவள் புருஷன், பாதிரியார், ஊர்ப் பெரியவர்கள். எல்லாரும் பார்த்தார்கள். தக்யாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. தோல் எங்கே என்று கேட்டாள்.

தெக்லா சொன்ன பதில் ஊரில் இன்றும் நடமாடுகிறது. "உள்ள கறி இருக்குல்ல?"

தக்யா கணக்குப்படி, ஞானத்தாயாகக் கேட்காத ஆத்திரத்தில் வேண்டுமென்றே உரித்துக் கொண்டுவந்தாள். தெக்லா கணக்குப்படி, பிள்ளைகள் கேட்டால் கொடுக்காமல் இருக்க அவள் என்ன தக்யாவா. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன், இரண்டும் உண்மையாகத்தான் தோன்றியது.

அதற்குப் பின் தக்யா வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. போனால் மனம் புண்பட்டது வெளியே தெரிந்துவிடும். புண்பட்டதைக் காட்டிக்கொள்வதைவிடப் புண்ணோடு வரிசையில் நிற்பது கௌரவம் என்று நினைக்கிற ஊர் எங்கள் ஊர். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் வருவாள். "அரைக் கிலோ" என்பாள். தெக்லா கழுத்தெலும்பை வெட்டிப் பொட்டலம் கட்டித் தள்ளுவாள். தக்யா வாங்கிக்கொண்டு போவாள். ஒரு முனகல் இல்லை, ஒரு முறைப்பு இல்லை. அந்தப் பொறுமையைப் பார்த்துத் தெக்லாவுக்குத்தான் வாராவாரம் ரத்தம் கொதித்தது. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். ஒன்றும் சொல்லாதவளை என்ன செய்வது? எலும்பைத்தான் பெரிதாக்க முடிந்தது.

தக்யாவுக்கு முழங்கால் வலி வந்தபோது பொட்டலம் வாங்க ஜெனலின் வரத் தொடங்கினாள். அதே சமயம் தெக்லா பூசைக்குப் போகிற நேரத்தில் ஜோவென் கத்தியைப் பிடிக்கத் தொடங்கினான். அம்மாவின் சட்டத்தை மீறுகிற துணிச்சல் அவனுக்கு இல்லை. எலும்பைத்தான் போட்டான். ஆனால் எலும்புக்கு அடியில், வாழையிலைக்குள் சுற்றி, நல்ல முதுகுப்பக்கத்துத் தோல் ஒன்றை வைத்தான். அடுத்த ஞாயிறும் வைத்தான். எங்கள் காலத்தில் கடிதம் எழுதினார்கள். தோல் நல்லது, படித்துவிட்டுச் சாப்பிட்டும் விடலாம்.

ஒருநாள் தக்யா பொட்டலத்தைத் தானே பிரித்துவிட்டாள். தெக்லா கடையிலிருந்து தோல் வந்திருக்கிறது. உலகம் முடியப் போகிறதா, அல்லது மகள் காதலிக்கிறாளா, இரண்டில் ஒன்று என்று அவளுக்கு உடனே புரிந்தது.

விஷயம் வெளியே வந்ததும் இரண்டு வீட்டிலும் நடந்ததைச் சொன்னால் பொழுது போய்விடும். சுருக்கமாகச் சொன்னால், தெக்லா கத்தினாள், சிம்போ 'சரி' என்றான், தக்யா ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் பெண் கேட்டுப் போகத்தான் வேண்டும் என்று ஆயிற்று. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் சாப்பாடு தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். லெச்சோன் இல்லாமல் போனால் அது பெண் கேட்பது இல்லை, வழி கேட்பது. அங்கே பெண்ணைப் பெற்றவள் மனம் கோணினால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதற்குப் பின் அந்த வீட்டில் இன்னொரு முறை கேட்க முடியாது.

தக்யா ஜெனலினிடம் சொல்லி அனுப்பினாள். வருகிறவர்கள் வரட்டும். பன்றி முழுத்தோலோடு வர வேண்டும். ஒரு விரல் அகலம் குறைந்தாலும் படலைத் திறக்க மாட்டாள்.

தெக்லாவுக்கு வந்த கோபத்தில் பன்றி இல்லாமலே தணல் பிடித்திருக்கும். வாங்க வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் கொடுத்தால் கடை உருப்படுமா என்று என்னிடமே கேட்டாள். ஜோவென் அடுப்படியில் கரி தட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்.

"அம்மா, உங்க பன்னியெல்லாம் உங்க இஷ்டம். இது ஒண்ணு மட்டும் என் பன்னி."

அவன் பிறந்ததிலிருந்து பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. தெக்லா வாயை மூடிக்கொண்டாள். மகன் இந்தப் பெண் இல்லாவிட்டால் துபாய் கப்பலில் ஏறிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். தாள்களெல்லாம் தயார், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஆக, ஒரு பன்றியை முழுத்தோலோடு கடையிலிருந்து கடலோரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேறு ஊரில் இதை ஒரு வேலை என்றே சொல்லமாட்டார்கள். எங்கள் ஊரில் இடையில் தெக்லாவின் ஞானப்பிள்ளைகள் குடியிருந்தார்கள்.

மூடிக் கொண்டுபோகலாம் என்றேன். தெக்லா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இனி விலா உண்டா என்று சந்தேகம் வந்தது. சுட்ட பன்றியை மூடினால் ஆவி அடித்துத் தோல் தொய்ந்து ரப்பராகிவிடும். கடற்கரை வழியாகச் சுற்றிப் போகலாம் என்றான் ஒருவன். உப்புக்காற்றில் அதைவிடச் சீக்கிரம் தொய்யும். வண்டியில் ஏற்றலாமே என்று சிம்போ ஆரம்பித்தான். குலுங்கினால் தோல் வெடிக்கும் என்று அவனுக்கே தெரியும், ஆரம்பித்ததைச் 'சரி' என்று முடித்துக்கொண்டான். மூடாமல், தெருவோடு, தோளில்தான் போக வேண்டும். பார்க்கிற கண்கள் பார்க்கட்டும், கைகளை அவள் பார்த்துக்கொள்வாள்.

அன்று சுட்ட மாதிரி பன்றியை அவள் அதற்கு முன்னும் சுட்டதில்லை, பின்னும் சுட்டதில்லை. தேன் நிறம். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. முன்னால் ஜோவென், பின்னால் சிம்போ, தோளில் மூங்கில். பெண் கேட்கிற பேச்சைப் பேச நான். உறவுமுறை தப்பாமல் சொல்ல ஊரில் வேறு ஆள் இல்லை என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டார்கள். எல்லாருக்கும் முன்னால் தெக்லா, ஜெனலின் ஞானஸ்நானத்துக்குத் தைத்துப் போடாமலே வைத்திருந்த அந்த உடுப்பில், இடுப்பில் கத்தியோடு.

முதல் முனையிலேயே ரெனான்டே வந்தான். மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன், தாடி நரைத்துவிட்டது, ஆனாலும் ஞானப்பிள்ளை ஞானப்பிள்ளைதான். அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். ஞானத்தாயை அழைக்கிற மாதிரி அழைத்தான்.

"நினாங், தோலு?"

தெக்லா ஒரு மூச்சு விட்டாள்.

"தீந்துபோச்சு."

ரெனான்டே பன்றியைப் பார்த்தான். பன்றி அவன் மூக்குக்கு ஒரு முழத்தில் வெயிலில் மினுங்கியது.

"அப்ப இது?"

"இது பன்னி. தோலு தீந்துபோச்சுன்னேன்."

ஆயுசில் அந்த வார்த்தை அவனிடம் அவள் சொன்னதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதைக் கேட்டு அவனும் சிரித்தவன்தான். இப்போது அவன் முகம் மணிலாக்காரர் முகம் மாதிரி ஆயிற்று. ஆனால் போய்விட்டானா? இல்லை. தெருவில் மறுத்தவள் சேருமிடத்தில் மனம் இரங்கலாம் என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்னாலேயே நடந்தான். அடுத்து போக்குவரத்து பார்க்கிறவன், மீன் விற்கிறவள், பள்ளிக்கூட வாத்தியார் என்று வந்தார்கள். ஒவ்வொருவரும் நெற்றியில் கை வைத்தார்கள், ஒவ்வொருவருக்கும் தோல் தீர்ந்துபோயிருந்தது, ஒவ்வொருவரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பாதித் தெரு தாண்டும்போது திருவிழாச் சப்பரத்துக்குப் பின்னால் போகிற கூட்டம் தோற்றது. தூக்குவது ஒரு புனிதரை அல்ல என்பது மட்டும்தான் வித்தியாசம். பக்தி அதிகம்.

கடலோரத்துக்குத் திரும்புகிற மூலையில் அமெலிட்டா வாசலில் நின்றாள். தெக்லா கையில் ஏந்தி ஞானஸ்நானம் பெற்ற பெண். இப்போது நிறை மாசம். அவள் ஓடி வரவில்லை, கேட்கவும் இல்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு பன்றியைப் பார்த்தாள், எச்சில் விழுங்கினாள். அவ்வளவுதான். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டது கண்ணுக்கு முன்னால் வந்து கிடைக்காமல் போனால் பிறக்கிற பிள்ளை ஓயாமல் எச்சில் வடிக்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

தெக்லா நின்றாள். மூங்கிலும் நின்றது.

"அம்மா, வேணாம்" என்றான் ஜோவென். கெஞ்சலாகத்தான் சொன்னான்.

தெக்லா மகனைப் பார்த்தாள். அமெலிட்டாவின் வயிற்றைப் பார்த்தாள். ஒரு நாளும் எந்த ஆளுக்கு என்ன போடுவது என்று யோசித்து நிற்காத கை அன்று கத்திப்பிடி வரை போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். பின் சட்டென்று ஒரு காதை ஒடித்தாள்.

"இந்தா, தின்னு. செத்த பன்னி யாரு பேச்சக் கேக்கப் போவுது?"

அதற்குப் பிறகு படல் வரை ஜோவெனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாரத்தால் என்று வைத்துக்கொள்வோம்.

தக்யா படலுக்கு உள்ளே காத்திருந்தாள். நல்ல உடுப்பு, வாரிய தலை, முழங்காலில் கட்டு. முதலில் கூட்டத்தைத்தான் பார்த்தாள், கண் அகன்றது. பெண் கேட்க இத்தனை பேர் திரண்டு வருவது பெண்ணுக்குப் பெருமை. அக்கம்பக்கத்தார் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, இதுவரை யாருக்கும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். அது பெண் கேட்க வந்த கூட்டம் இல்லை, தோல் கேட்டு வந்த கூட்டம் என்று சொல்ல நான் யார்?

படலைத் திறக்காமல் பன்றியைத் தன் பக்கமாகக் கொண்டுவரச் சொன்னாள் தக்யா. வேலிக்கு மேலே கையை நீட்டி முதுகில் தட்டினாள். கண்ணாடிச் சத்தம். வயிற்றில் தட்டினாள். கண்ணாடிச் சத்தம். திருப்பச் சொன்னாள், திருப்பினார்கள். தலைக்கு வந்தாள்.

"காது எங்க?"

அது என் வேலை என்று நான் தொண்டையைச் செருமினேன். வழக்கப்படி, தூரத்துத் தோப்பிலிருந்து ஒரு கிளி பறந்து வந்தது, உங்கள் தோட்டத்தில் ஒரு பூவைக் கண்டது என்று ஆரம்பித்தேன். கிளி பூவின் அருகே போவதற்குள் தெக்லா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"மனோய், அண்ணே, சும்மா இருங்க." பிறகு தக்யாவைப் பார்த்தாள். "வழியில ஒரு புள்ளத்தாச்சி நின்னா. வாய் விட்டுக் கேக்கல, பாத்தா. நான்தான் ஒடிச்சுக் குடுத்தேன். நீங்க சொன்னது தெரிஞ்சும் குடுத்தேன். மன்னிச்சுக்குங்க, மாரே."

பின்னால் நின்ற கூட்டம் வேலியை நெருங்கி வந்தது. கடையில் கறியோடு கல்லைக் கடித்துப் பல் உடைந்த ஒருவர் தெக்லாவை மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறார், அவருக்கே கிடைக்காத சொல் அது.

"நான் உங்களுக்கு மாரே இல்லையே" என்றாள் தக்யா.

"இல்லதான். நீங்க என்னைக் கேக்கலையே. உடுப்புகூடத் தச்சு வச்சிருந்தேன்."

தக்யா அந்த உடுப்பை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். தெக்லா இந்த இடைக்காலத்தில் பருத்திருந்தாள். தையல் இரண்டு இடத்தில் விட்டிருந்தது.

"அன்னிக்கும் பிள்ளைங்க கேட்டாங்க, குடுத்துட்டேன், மன்னிச்சுக்கன்னு இதையே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"வாயில வரல."

"இத்தனை ஞாயித்துக்கிழமை வந்து நின்னேனே. ஒரு நாளும் வரலையா?"

தெக்லா தையல் விட்ட இடத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் அப்படி நிற்பதைப் பார்க்க ஊரே பின்னால் இருந்தது, காசில்லாமல்.

தக்யா படலைத் திறந்தாள். மனம் உருகித் திறந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நான் பக்கத்தில் நின்றேன். கடலிலிருந்து காற்றுத் திரும்பிவிட்டிருந்தது. இன்னும் சிறிது நேரம் நின்றால் அந்தத் தோல் தொய்ந்துவிடும் என்று தெக்லாவுக்கும் தெரியும், தக்யாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பன்றியைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பகையாளியை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், தோல் தொய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உள்ளே போன பிறகுதான் தக்யாவுக்குக் கூட்டத்தின் அருமை தெரிந்தது. பெருமையை முற்றத்தில் நிறுத்தலாம், சோறு போட வேண்டுமே. தென்னங்குருத்தில் பொதிந்து வேகவைத்த சோறு பத்துப் பதினைந்து பேருக்குத்தான் இருந்தது. நாற்காலி அதற்கும் குறைவு. உப்புப் போதவில்லை, காடி போதவில்லை, தட்டுக் கழுவித் திரும்ப வருவதற்குள் நாலு கை நீண்டது. விருந்து கொடுக்கிற வீட்டுக்காரிதான் வெட்ட வேண்டும் என்று தெக்லாவின் இடுப்புக் கத்தியை வாங்கிக்கொண்டாள். சிறிது நேரம் எல்லாருக்கும் சிரித்துச் சிரித்து வெட்டினாள். பிறகு சிரிப்பு நின்றது. அப்புறம் ஒருவன் தட்டை நீட்டியபோது என் காதால் கேட்டேன்:

"நீ யாரு வீட்டுப் புள்ள?"

தெக்லா ஓரத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள், நாற்காலி இல்லாததால். அதைக் கேட்டு அவள் முகத்தில் வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? வெளிநாட்டில் தன் பாஷையைக் கேட்டவள் மாதிரி இருந்தாள்.

பெண்ணைக் கொடுப்பதாகத் தக்யா தட்டுகளுக்கு நடுவில் சொல்லிவிட்டாள். என் கிளியும் பூவும் அப்படியே நின்றுபோயின. கடைசியாகத் தெக்லாவுக்குத் தட்டு வந்தது. அதில் கழுத்தெலும்பு.

தெக்லா எலும்பைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள். தோல் இருக்கா என்று.

தக்யா கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தோலு தீந்துபோச்சு, சம்பந்தி."

பழி வாங்கினாள் என்பது ஒரு பேச்சு. அத்தனை பேருக்குப் போட்ட பின் நிஜமாகவே தீர்ந்துவிட்டது என்பது இன்னொரு பேச்சு. பன்றியை நான் போய்ப் பார்த்தேன், எலும்புதான் கிடந்தது. ஆனால் தக்யாவின் அடுப்படியில் ஒரு வாழையிலைப் பொட்டலத்தையும் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. தெக்லா 'சம்பந்தி' என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு கழுத்தெலும்பைக் கடைசிவரை உறிஞ்சினாள். ஜோவென் அவள் அருகில் வந்து தன் தட்டிலிருந்த விலாவை வைத்தான். துபாய்த் தாளை அடுத்த நாள் அடுப்பில் போட்டதாகக் கேள்வி.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தக்யா கடைக்கு வந்தாள், காலை இழுத்துக்கொண்டு, வழக்கம் போல வரிசையில். அவள் முறை வந்ததும் தெக்லாவின் வாய் பழக்கத்தில் "யாரு மக?" என்று கேட்டுவிட்டது. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். விலாவாகப் பார்த்து வெட்டி, மேலே முதுகுத் தோலைப் பரப்பி, பொட்டலத்தைத் தள்ளாமல் கையில் கொடுத்தாள். அவ்வளவு மரியாதையைத் தாங்க முடியாமல் வரிசையில் இரண்டு பேர் பெருமூச்சு விட்டார்கள்.

தக்யா போகவில்லை. அங்கேயே பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு துண்டுத் தோலை வாயில் போட்டு மென்றாள். அத்தனை வருஷம் எலும்பை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாதவள் வாயைத் திறந்தாள்.

"உப்புக் கூடிப்போச்சு."

சிம்போவின் கையிலிருந்த தட்டு விழுந்தது. அந்தக் கடையில் அப்படி ஒரு சொல்லை ஊர் கேட்டதே இல்லை. தெக்லா கத்தியைக் கீழே வைத்தாள்.

"கூடவா?"

"கூடத்தான். விலா ஆறியும் போச்சு. வயசானவங்க எவ்வளவு நேரம் நிக்கிறது, ஒரு பெஞ்சு போட்டா என்ன? அப்புறம் அந்த விசிறி. பன்னிக்கு வேர்க்குதா, சம்பந்தி?"

யாரோ ஒருத்தியாக இருந்தவரை அவளுக்குக் குறை சொல்ல உரிமை இல்லை. இப்போது உரிமை வந்துவிட்டது, அவள் வட்டியோடு எடுத்துக்கொண்டாள். தெக்லா பதில் பேச வாயெடுத்தாள். அடுப்பருகே ஜோவென் நிற்பதைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. கையை நீட்டி விசிறியைத் தக்யா பக்கம் திருப்பினாள். அது கிறீச்சென்று சத்தம் போட்டது, திரும்பிப் பழக்கம் இல்லை.

தக்யா தலைமுடி பறக்க நின்று நிதானமாகத் தின்றாள். அவள் போனதும் விசிறி மறுபடி பன்றிப் பக்கம் போயிற்று.

கல்யாணமும் ஆகிவிட்டது, பேரனும் பிறந்துவிட்டான். விசிறி இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சிறிது நேரத்துக்குத் திரும்புகிறது. உங்களுக்குக் காற்று வேண்டுமானால் பூசை முடிந்ததும் வந்து தக்யாவுக்குப் பின்னால் நில்லுங்கள். பெஞ்சைப் பற்றிக் கேட்காதீர்கள். வரும்போது உங்கள் தாயார் பெயரை மறந்துவிடாதீர்கள்.